படைக்கலத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம்: அரசாங்கம் எதுவரை தலையிடலாம்?

நீலகிரி மலையில், குன்னூருக்கு அடுத்த அருவங்காட்டில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. துப்பாக்கி ரவையையும் பீரங்கிக் குண்டையும் உந்திச் செலுத்தும் கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தைச் செய்வதற்காக, 1903ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் அதை ஏற்படுத்திற்று. ஒரே மலைச் சரிவில் ஒருவர் கொழுந்து பறிக்கிறார். இன்னொருவர் வெடிமருந்து பதப்படுத்துகிறார். முன்னவர் கூடையை இறக்கி வைத்துவிட்டால் தோட்ட முதலாளியின் கணக்கில் நட்டம் விழும். ஏற்றுமதி சிறிது குறையும். பின்னவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால் எல்லையில் நிற்கும் படைவீரனுக்குத் தோட்டா குறையும் என்கிறார்கள். இந்த வேறுபாடு மெய்தானா, மெய்யாயின் அதைக் காரணம் காட்டித் தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமையை அரசாங்கம் எவ்வளவு தூரம் சுருக்கலாம் என்பதையே நேயர்களுக்கு இங்கு விளக்க முற்படுகிறேன்.

இது ஏட்டளவில் நிற்கும் கேள்வியன்று. 2021ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகள் அவசரச் சட்டம் என்பது அதன் பெயர். நாடெங்கும் இருந்த 41 படைக்கலத் தொழிற்சாலைகளில் ஏறத்தாழ எழுபது ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் அப்போது பணியாற்றி வந்தனர். அவர்களுள் ஆயிரக்கணக்கானோர் நம்மவர்கள். ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை, அதன் எஞ்சின் தொழிற்சாலை, படைவீரர்க்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை, திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலையும் வெடிகுண்டு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையும், பிறகு அருவங்காடு என ஆறு இடங்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தன. இவர்கள் அனைவரும் வேலைநிறுத்தம் செய்யப் போவதாக அறிவித்திருந்த வேளையில் அந்தச் சட்டம் வந்தது.

அதன் கதைக்குள் நுழையுமுன், இத்தகைய சட்டங்கள் எங்கே பிறந்தன என்று பார்ப்பது நல்லது. அவை போரில் பிறந்தவை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1915இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போர்த் தளவாடச் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. தளவாடத் தொழிலில் வேலைநிறுத்தம் குற்றம். தகராறு எதுவாயினும் மத்தியஸ்தத்துக்குச் செல்ல வேண்டும் என்பது அதன் சாரம். சட்டத்தின் மை உலருமுன்பே தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களில் கூலித் தகராறு மூண்டது. கடற்படைக் கப்பல்களுக்கு வேண்டிய கரி அங்கிருந்துதான் வர வேண்டும். புதிய சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று அரசாங்கம் பிரகடனம் செய்தது. ஜூலை மாத நடுவில் சுமார் 2,00,000 பேர் சுரங்கத்தில் இறங்க மறுத்துவிட்டனர். இரண்டு லட்சம் பேரை எந்தச் சிறையில் அடைப்பது? தளவாட அமைச்சரான லாயிட் ஜார்ஜ் தாமே நேரில் சென்று, அவர்கள் கேட்டவற்றில் பெரும்பகுதியைக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் காரியத்தை முடித்தார்.

இரண்டாம் உலகப் போரில் அதே நாடு அதே பாடத்தை மறுபடியும் படிக்க நேர்ந்தது. 1940இல் பிறந்த 1305ஆம் எண் ஆணை வேலைநிறுத்தத்தைத் தடுத்திருந்தது. 1942 ஜனவரியில் கென்ட் மாவட்டத்தில் பெட்டஷாங்கர் என்ற சுரங்கத்தில், கரி வெட்டக் கடினமான ஒரு பகுதிக்குத் தர வேண்டிய படி பற்றித் தகராறு எழுந்து வேலை நின்றது. இந்தத் தடவை அரசாங்கம் வழக்கே தொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருக்கு அபராதம்; சங்கத்தின் உள்ளூர் நிர்வாகிகள் மூவருக்குச் சிறை. விளைவு வேடிக்கையானது. தகராறைத் தீர்க்க வேண்டுமானால் சங்கத்தாரோடு பேச வேண்டும், சங்கத்தாரோ சிறையில். ஆகவே பேச்சு சிறைக்குள்ளேயே நடந்து, உடன்படிக்கையும் அங்கேயே கையெழுத்தாயிற்று. சிறையிலிருந்தவர்கள் சில நாட்களில் விடுதலை செய்யப்பட்டனர். அபராதத்தைக் கட்டியவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஹிட்லரின் விமானங்கள் தலைக்கு மேல் பறந்த காலத்தில், தேசபக்தியில் எவருக்கும் குறையாத சுரங்கத் தொழிலாளர் செய்த காரியம் இது என்பதை நினைவில் வைக்க வேண்டும். போர்க்காலத்தில் வேலைநிறுத்தம் செய்பவன் எதிரிக்கு உதவுகிறான் என்று சொல்வது எளிது. ஆனால் அன்று வேலையை நிறுத்தியவர்கள் எதிரியை எண்ணவில்லை; அந்த வாரக் கூலியைத்தான் எண்ணினார்கள்.

அமெரிக்கா வேறு வழி பிடித்தது. ஆலையையே அரசாங்கம் கைப்பற்றிக்கொள்வது அந்த வழி. 1941 ஜூன் 9ஆம் நாள், கலிபோர்னியாவில் இங்கிள்வுட் என்னுமிடத்து விமானத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அதிபர் ரூஸ்வெல்ட் படையை அனுப்பினார். சுமார் 2,500 வீரர்கள் துப்பாக்கி முனையில் ஈட்டி பூட்டி வாயிலைத் திறந்துவிட்டனர். அமெரிக்கா அப்போது போரில் இறங்கக்கூட இல்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, கொரியப் போரின்போது, 1952 ஏப்ரல் 8ஆம் நாள், அதிபர் ட்ரூமன் நாட்டின் உருக்காலைகளை இதே முறையில் கைப்பற்ற ஆணையிட்டார். உருக்கு இன்றேல் பீரங்கி இல்லை என்பது அவர் வாதம். இந்தத் தடவை ஆலை முதலாளிகள் நீதிமன்றம் சென்றனர். ஜூன் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாக, அதிபருக்கு அத்தகைய அதிகாரம் இல்லை. சட்டமன்றம் தந்தாலன்றி அவர் தாமே எடுத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் எல்லாக் கதவும் திறந்துவிடாது என்பதற்கு அந்தத் தீர்ப்பு இன்றும் சான்றாக எடுத்துக் காட்டப்படுகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1941இல் இந்திய அரசாங்கம் இன்றியமையாப் பணிகள் பராமரிப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. மறு ஆண்டு இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 81-அ என்ற விதி சேர்ந்தது. இந்த விதி நேயர்கள் கவனிக்கத்தக்கது. வேலைநிறுத்தத்தையும் கதவடைப்பையும் தடை செய்யும் அதிகாரத்தை அது அரசாங்கத்துக்குத் தந்தது. கூடவே, தகராறை ஒரு நடுவரிடம் ஒப்படைத்து, அவர் தீர்ப்பை இரு தரப்பாரும் ஏற்கும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரத்தையும் தந்தது. பறித்துக்கொண்டதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்தது என்று சொல்லலாம். ஆனாலும் அது அடக்குமுறைக் காலமே. 1942 ஆகஸ்டில், தலைவர்கள் சிறைப்பட்டதும், ஜாம்ஷெட்பூர் டாட்டா உருக்காலையில் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு வாரம் வேலையை நிறுத்தினர். அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை. தேசிய அரசாங்கம் வேண்டும் என்றே கேட்டார்கள்.

போர் முடிந்தது, விதி முடியவில்லை. 81-அ விதியின் கருவே 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமாக உருவெடுத்து, அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சமரச அதிகாரி, தொழில் நடுவர் மன்றம், அரசாங்கம் தகராறை அனுப்பி வைத்தால் அதன்பின் வேலைநிறுத்தம் கூடாது என்ற ஏற்பாடு ஆகிய யாவும் போர்க்கால விதியின் மரபிலேயே வந்தவை. பொதுப் பயன்பாட்டுப் பணி என்று குறிக்கப்பட்ட தொழில்களில் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதினான்கு நாள் கழிந்த பின்னரே வேலைநிறுத்தம் செய்யலாம். மீறினால் தண்டனை ஒரு மாதச் சிறை அல்லது ஐம்பது ரூபாய் அபராதம். இந்த ஐம்பது ரூபாயைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திர இந்தியாவில் பாதுகாப்புத் தொழிலாளரும் மத்திய அரசாங்க ஊழியருமாகச் சேர்ந்து நடத்திய முதற்பெரும் வேலைநிறுத்தம் 1960 ஜூலை 11ஆம் நாள் நள்ளிரவில் தொடங்கியது. இரண்டாவது சம்பளக் கமிஷனின் அறிக்கை அவர்களுக்கு ஏமாற்றம் தந்திருந்தது. குடும்பத்தின் தேவையைக் கணக்கிட்டுக் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்க வேண்டும் என்று 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒப்புக்கொண்டிருந்தது. அந்த அளவுகோலை அரசாங்கம் தன் சொந்த ஊழியரிடத்தில் கடைப்பிடிக்க மறுப்பானேன் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அரசாங்கம் வேலைநிறுத்தத்துக்கு முன்பே அவசரச் சட்டம் பிறப்பித்து அதைச் சட்டவிரோதமாக்கிற்று. ஐந்து நாளில் வேலைநிறுத்தம் ஓய்ந்தது. பலர் சிறை சென்றனர். பலர் வேலை இழந்தனர். ஆயினும் அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. வென்ற பிறகு தோற்றவரோடு பேசுவதற்கு ஓர் ஏற்பாடு தேவை என்பதை அது உணர்ந்தது. 1966இல் கூட்டு ஆலோசனை அமைப்பு என்ற ஒன்று ஏற்பட்டது. அலுவலக மட்டம், துறை மட்டம், தேசிய மட்டம் என மூன்று படிகளில் ஊழியரும் அதிகாரிகளும் ஒரே மேசையில் அமர்வது. சம்பளம், வேலை நேரம், விடுமுறை ஆகியவற்றில் உடன்பாடு காண முடியாவிடில் கட்டாய மத்தியஸ்தம். பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலும் இது நடைமுறைக்கு வந்தது.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. 1962இல் சீனப் படை எல்லை தாண்டியபோது, நவம்பர் 3ஆம் நாள் டில்லியில் முதலாளிகளின் சங்கங்களும் தொழிலாளரின் சங்கங்களும் கூடித் தொழில் அமைதித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினர். அப்போது தொழிலாளர் நல அமைச்சராக இருந்தவர் குல்ஜாரிலால் நந்தா. உற்பத்தி தடைபடாது, தகராறு எழுந்தால் மத்தியஸ்தத்துக்கு விடுவோம் என்று இரு சாராரும் உறுதி கூறினர். ஆலைகளில் கூடுதல் நேரம் உழைத்தனர். பாதுகாப்பு நிதிக்குக் கூலியிலிருந்தே கொடுத்தனர். நாட்டுக்கு மெய்யான ஆபத்து வந்தபோது தொழிலாளி தானாகவே கையை நீட்டினான். அமைதிக் காலத்தில் தண்டனைச் சட்டம் கேட்கிறவர்கள் இந்த நிகழ்ச்சியை அதிகம் எடுத்துச் சொல்வதில்லை.

1968 செப்டம்பர் 19ஆம் நாள் மறுபடியும் ஒரு வேலைநிறுத்தம், இது ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம். கோரிக்கை அதே தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம். கட்டாய மத்தியஸ்தம் என்ற ஏற்பாடு கையில் இருக்கிறதே, இதை அனுப்புங்கள் என்றனர் ஊழியர். இது மத்தியஸ்தத்துக்கு உரிய பொருளன்று என்றது அரசாங்கம். மறுபடியும் அவசரச் சட்டம், மறுபடியும் கைதுகள். இந்தத் தடவை ஒரு புதிய சிக்கல் திருவனந்தபுரத்தில் முளைத்தது. கேரளத்தில் அப்போது முதலமைச்சராக இருந்தவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு. சட்டத்தைப் பிறப்பித்தது மத்திய அரசாங்கம். கைது செய்ய வேண்டியதோ மாநிலப் போலீஸ். அமைதியாக வேலைநிறுத்தம் செய்பவர்களைக் கைது செய்ய எங்கள் போலீஸாரைப் பயன்படுத்த மாட்டோம் என்று கேரள அரசாங்கம் கூறிவிட்டது. மத்திய அரசாங்கம் தன் அலுவலகங்களின் காவலுக்கென்று மத்திய ரிசர்வ் போலீஸை அனுப்பியது. எங்களைக் கேளாமல் அனுப்பினீர்கள் என்று மாநிலம் ஆட்சேபித்தது. தொழிலாளர் தகராறாகத் தொடங்கியது மத்திய, மாநில உறவு பற்றிய வழக்காக மாறிற்று. 1976இல் அரசியலமைப்பில் 257-அ என்ற பிரிவைச் சேர்த்து, மாநிலங்களுக்கு மத்தியப் படையை அனுப்பும் அதிகாரத்தை வெளிப்படையாக எழுதிக்கொண்டார்கள். 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் தொழிலாளருக்கு அதிகம் ஆதரவளிக்கவில்லை. சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை; வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையன்று என்று உச்ச நீதிமன்றம் 1961இலும் 1962இலும் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு நிலையங்களில் பணிபுரியும் சமையற்காரர், காவற்காரர், தச்சர், நாவிதர் போன்ற சிவில் ஊழியர்களும், அரசியலமைப்பின் 33ஆவது பிரிவின் நோக்கத்துக்குப் படையைச் சேர்ந்தவர்களே. எனவே சங்கம் அமைக்கும் உரிமையைக் கூட அவர்களுக்குக் கட்டுப்படுத்தலாம் என்று 1975இல், அச்சுதன் நாயர் வழக்கு என்று பேசப்படும் வழக்கில், தீர்ப்பாயிற்று. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்றது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பின்னர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். சட்டத்தைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. தார்மிகத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டுமா என்று அப்போதே சட்ட அறிஞர் பலர் கேட்டனர். கேட்டது தவறென்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது 2021க்கு வருவோம். படைக்கலத் தொழிற்சாலைகள் அதுவரை பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு துறையாக, படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் கீழ் நடந்து வந்தன. அவற்றுள் மூத்தது 1801இல் கல்கத்தாவை அடுத்த காசிப்பூரில் தோன்றியது. இத்துறையை அரசாங்கக் கம்பெனிகளாக மாற்ற வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு முதலே பல குழுக்கள் பரிந்துரைத்து வந்தன. படைக்கு விற்பது உறுதியாகையால் விலையும் தரமும் காலக்கெடுவும் கவனிக்கப்படுவதில்லை என்பது அவற்றின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. தொழிலாளர் தரப்பின் மறுமொழியும் எளிதில் தள்ளக்கூடியதன்று. கம்பெனி ஆக்க மாட்டோம் என்று முந்தைய பாதுகாப்பு அமைச்சர்கள் அளித்த உறுதிமொழிகளை அவர்கள் எடுத்துக் காட்டினர். போர் வந்தால் மும்மடங்கு உற்பத்தி, அமைதியில் ஆணையே இல்லை என்ற நிலையில் இலாப நட்டக் கணக்கு எழுதும் கம்பெனி எவ்வாறு பிழைக்கும் என்று கேட்டனர். இன்று கம்பெனி, நாளை தனியார் என்பது அவர்களது அச்சம்.

2019 ஆகஸ்டு 20ஆம் நாள் மூன்று பெரிய சம்மேளனங்களும் ஒன்றுகூடி, ஒரு மாத வேலைநிறுத்தத்தைத் தொடங்கின. இடதுசாரி, காங்கிரஸ், பாரதிய மஸ்தூர் சங்கம் என வெவ்வேறு கொள்கையினர் ஒரே பந்தலில் அமர்ந்தது அரிய காட்சி. ஒரு வாரத்துக்குள் அரசாங்கம் பேச முன்வந்தது, வேலைநிறுத்தம் நின்றது. 2020 அக்டோபரில் மறுபடியும் நாள் குறித்தனர். தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் சமரசப் பேச்சு நடந்து அதுவும் தள்ளிப்போயிற்று. இவ்வளவு வரையில் பழைய சட்டம் தன் வேலையை ஒழுங்காகவே செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முன்னறிவிப்பு, சமரசம், ஒத்திவைப்பு ஆகிய எல்லாமே 1947ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பாதையில்தான் நடந்தன. 2021 ஜூன் 16ஆம் நாள், 41 தொழிற்சாலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்க மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று சம்மேளனங்கள் அறிவித்தன. அதற்கு மூன்று வாரங்களுக்கு மேல் இருக்கும்போதே அவசரச் சட்டம் வந்துவிட்டது. ஆகஸ்டு 3ஆம் நாள் மக்களவையிலும் 5ஆம் நாள் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. 11ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

அச்சட்டம் சொன்னது என்ன? பாதுகாப்புக்கான பொருளைச் செய்வது, பழுது பார்ப்பது, படையின் இயக்கத்துக்கு உதவுவது ஆகிய எப்பணியையும் இன்றியமையாப் பாதுகாப்புப் பணி எனலாம். அப்பணியில் வேலைநிறுத்தத்தை மத்திய அரசாங்கம் ஆறு மாதத்துக்குத் தடை செய்யலாம். மேலும் ஆறு மாதம் நீட்டலாம். வேலைநிறுத்தம் என்ற சொல்லுக்கு அது தந்த பொருள் மிக விரிவானது. கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தாலும், மெதுவாக வேலை செய்தாலும், உட்கார்ந்திருந்தாலும், கூடுதல் நேர வேலைக்கு மறுத்தாலும் அது வேலைநிறுத்தமே. பங்கு கொண்டவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்; தூண்டியவருக்கும் பணம் உதவியவருக்கும் இரண்டாண்டு அல்லது 15,000 ரூபாய். பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையில்லை. விசாரணை நடத்துவது நடைமுறைக்கு இயலாது என்று காரணத்தை எழுதி வைத்துவிட்டால், விசாரணையின்றியே வேலையிலிருந்து நீக்கலாம். முன்னர்ச் சொன்ன ஐம்பது ரூபாயை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கதவடைப்பையும் ஆட்குறைப்பையும் தடுக்கும் பிரிவுகளும் அதில் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் முதலாளியும் அரசாங்கமே, சட்டம் இயற்றுவதும் அரசாங்கமே என்னும்போது, அந்தப் பிரிவுகளுக்கு வேலை இராது.

முன் சொன்ன 81-அ விதியில் இருந்து இதில் இல்லாதது ஒன்று உண்டு. அதுதான் மத்தியஸ்தம். போர்க்கால ஆங்கில அரசாங்கம் வேலைநிறுத்தத்தைத் தடுத்த கையோடு நடுவரையும் காட்டிற்று. 2021ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்ததோடு நின்றுவிட்டது. கம்பெனி ஆக்குவது கொள்கை முடிவு, அதை நடுவர் தீர்ப்புக்கு விட முடியாது என்பது அரசாங்கத்தின் நிலை. அவ்வாறே கொள்வோம். ஆயினும் ஓய்வூதியம், பதவி உயர்வு, இடமாற்றம், பணி நிபந்தனைகள் ஆகியவற்றை நடுவர் முன் வைப்பதற்கு எந்தக் கொள்கையும் குறுக்கே நின்றிருக்காது. என் பார்வையில் அச்சட்டத்தின் பெருங்குறை இதுவே. தண்டனையின் கடுமை இரண்டாவது குறைதான்.

எதிர்க்கட்சியினரின் ஆட்சேபத்துக்கு இடையே அரசாங்கம் சேர்த்த ஒரு பிரிவால் அச்சட்டத்துக்கு ஓராண்டே ஆயுள் விதிக்கப்பட்டது. ஆகவே 2022 ஆகஸ்டில் அது காலாவதியாயிற்று. வேலைநிறுத்தம் நடைபெறவில்லை. 2021 அக்டோபர் 1ஆம் நாள் வாரியம் கலைந்து ஏழு கம்பெனிகள் தோன்றின. ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமியன்று, பிரதமர் அவற்றை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அந்த ஆண்டு பூஜைக்கு வைத்த சந்தனம் உலருமுன்பே ஆயுதக் கிடங்குகளுக்கு ஏழு புதிய பெயர்ப் பலகைகள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகனக் கம்பெனிக்குச் சென்றன. அருவங்காடு, புனேயில் தலைமையிடம் கொண்ட வெடிபொருள் கம்பெனிக்குப் போயிற்று. ஆவடித் தையல் தொழிற்சாலையும் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் கான்பூரில் தலைமையிடம் உள்ள இரு வேறு கம்பெனிகளின் உறுப்பாயின.

இங்கே ஒரு மலைக்குப் போய்வருவோம். திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரையைக் கடந்து மேலேறினால், அகத்தியர்கூடத்துக்கு நடந்து செல்லும் பாதை தொடங்கும் இடத்தில் போனக்காடு இருக்கிறது. வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்க மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே லயங்களில் வாழ்கின்றனர். இந்த நூற்றாண்டில் தோட்டத்தின் நிர்வாகம் தளர்ந்து, வேலை நின்று, ஆலையின் சத்தமும் ஓய்ந்தது. கூலியும் பணிக்கொடையும் பாக்கி நின்றன. லயங்களின் கூரை ஒழுகிற்று. பத்திரிகைகள் போனக்காட்டை நினைக்கும்போது பெரும்பாலும் எழுதுவது, பாழடைந்த துரை பங்களாவில் பேய் உலவுகிறது என்ற கதையைத்தான். பேயைப் பார்க்க வண்டி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், லயத்தில் இருப்பவரிடம் கூலி வந்ததா என்று கேட்பதில்லை.

வெடிமருந்துக்கும் இந்தத் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சம்பந்தம் இதுதான். வேலையைத் தொழிலாளி நிறுத்தினால் அது வேலைநிறுத்தம். நிர்வாகம் நிறுத்தினால் அது கதவடைப்பு அல்லது மூடுதல். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 முதல் 2025 வரை இருந்தது. வீடும் மருத்துவமும் தோட்ட நிர்வாகத்தின் கடமை என்றது. பணிக்கொடைச் சட்டம் 1972 முதல் 2025 வரை இருந்தது. தராவிடில் கலெக்டர் மூலம் வசூலிக்கலாம் என்றது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தை அரசாங்கத்தின் அனுமதியின்றி மூடலாகாது என்று தொழில் தகராறுச் சட்டமும் சொன்னது. இத்தனை சட்டமும் அந்த மலையில் ஆண்டுக்கணக்கில் நடை பழகிக்கொண்டிருந்தன. ஆவடியிலும் அருவங்காட்டிலும் நடக்கவிருந்த, இன்னும் நடக்காத, ஒரு வேலைநிறுத்தத்தைத் தடுக்கவோ, அமைச்சரவை முடிவிலிருந்து இரண்டே வாரத்தில் ஒரு புதிய சட்டம் ஓடோடி வந்தது. தேயிலை வெடிமருந்தன்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் விரைந்து நடக்க வல்லது என்று ஓரிடத்தில் காட்டிவிட்டபின், மற்றோரிடத்தில் அதற்குக் கால் வலிக்கிறது என்று சொன்னால் கேட்பவர் நம்புவது கடினம்.

அரசாங்கம் தலையிடவே கூடாது என்று சொல்பவனல்லன் நான். வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாதிப் பதத்தில் நிற்கும் சரக்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடியாது, உயிருக்கே ஆபத்து. போர் மூண்ட நாளில் தோட்டா வேண்டும் என்பதும் மறுக்க முடியாதது. ஆகவே முன்னறிவிப்பு வேண்டும். காவல் பணிக்கும் பாதுகாப்புப் பணிக்கும் ஆட்கள் உள்ளே இருக்க வேண்டும். போர்க்காலத்தில் தடையும் இருக்கலாம். உலகத் தொழில் நிறுவனத்தின் நிபுணர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவதும் ஏறத்தாழ இதுவே. வேலைநிறுத்தம் மறுக்கப்படும் இடத்தில், இரு தரப்பாரும் நம்பக்கூடிய, விரைவான, பட்சபாதமற்ற மத்தியஸ்தம் ஈடாகத் தரப்பட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. தையல் தொழிற்சாலையும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் ஒரே அவசரத்துக்கு உரியவையா என்பதும் தனியே கேட்க வேண்டிய கேள்வி. 2021ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய வேறுபாடு எதையும் வைக்கவில்லை.

இன்றைய நிலைமை பற்றிச் சில சொற்கள். 2020ஆம் ஆண்டுத் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. முன்னர்ப் பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் இருந்த பதினான்கு நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழிலகங்களுக்கும் உரியது. பாதிப் பேரோ அதற்கு மேலோ கூட்டாகத் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமே. மூடுவதற்கு அனுமதி பெற வேண்டிய எல்லை நூறிலிருந்து முந்நூறு ஆயிற்று. போனக்காடு போன்ற சிறு தோட்டங்கள் இனி அந்த வேலிக்கு வெளியே.

படைக்கலத் தொழிற்சாலைகளில் பழைய ஊழியர்கள், அரசாங்க ஊழியர் என்ற நிலை மாறாமலே, கம்பெனிக்கு அயற்பணியில் சென்றவர்களாகக் கருதப்பட்டனர். முதலில் இரண்டாண்டு என்றிருந்த ஏற்பாடு பின்னர் நீட்டிக்கப்பட்டது. ஓய்வு பெறும் வரையில் அதே நிலை வேண்டும் என்பது சம்மேளனங்களின் கோரிக்கை. இதற்கிடையே வெடிமருந்துப் பணிக்குப் புதிதாக எடுக்கப்படுவோரைக் கம்பெனி குறித்த காலத்துக்கு மட்டும், ஒப்பந்த முறையில் எடுத்து வருகிறது. ஒரே கொட்டகையில், ஒரே கலவைப் பாண்டத்தின் இருபுறமும் நின்று வேலை செய்யும் இருவரில், ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. மற்றவருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும்.